ஃபேனை அணைக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அம்மா போனில் புலம்பித் தீர்த்துவிட்டாள். செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, அவள் கண்ணசந்த நேரம் பார்த்து ஃபேனை அணைத்துவிடுகிறாயாம். கத்திரி வெயிலில் இது என்னடா சிக்கனம்? மிச்சம் பிடிக்கிற ஆசை நல்லதுதான். எதில் பிடித்தால் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டாயா?

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். ஒரு யூனிட் ஆக அது 13 மணி நேரம் சுற்ற வேண்டும். உன் குளியலறை ஹீட்டர் 2000 வாட். அரை மணி நேரம் ஓடினால் அதே ஒரு யூனிட். இந்த வெயிலிலும் வெந்நீர் கேட்கிற ஆள் ஊரிலேயே நீ ஒருவன்தான். ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பேப்பரோடு உட்கார்கிறாயே, அங்கேதான் போகிறது பணம்.

இதையெல்லாம்விட முக்கியம் 500 என்கிற எண். நம் தமிழ்நாட்டில் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் ஏற்றிய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதி விலைதான். தாண்டினாயோ, அந்தச் சலுகை போய்விடும். அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 510 என்றால் 2030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது, ஆனால் 500-ஐத் தாண்டினால் விழுகிற அடி அப்படியேதான் இருந்தது.

அதனால் ஒன்று செய். ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்றே அந்த எண்ணையும் தேதியையும் சமையலறை காலண்டரில் எழுது. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். kWh என்று பக்கத்தில் வருவதுதான் உனக்கு வேண்டியது, அதுதான் யூனிட். முப்பதாம் நாள் மறுபடி பார். வித்தியாசம் 250-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கு. மேலே போயிருந்தால் முதலில் ஹீட்டர், அப்புறம் ஏசி. ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் சுற்றவிடு, அறை குளுகுளுவென்றுதான் இருக்கும். ஃபேனே மாற்ற வேண்டி வந்தால், கரன்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி (BLDC) மோட்டார் ஃபேன் வாங்கு. 30 வாட் சொச்சம்தான் இழுக்கும். அம்மா அறையில் நாளைக்கு 15 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 35 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். 520-இல் நிற்கிற வீட்டை 500-க்குள் இழுத்துவர அது போதும்.

இதெல்லாம் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால்தான். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கினால், இலவச யூனிட்டும் உன் கைக்கு வராது. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் இதைக் கேள். வாடகையில் 500 ரூபாய் குறைத்தோம் என்று வந்து, கரன்ட்டில் அதைவிட அதிகம் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேஸில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடு, முதல் விசில் வந்ததும் சிம்மில் வை. சிலிண்டர் வந்தால் எடை போட்டு வாங்கு. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்த்துத் தராசு காட்ட வேண்டும். கொண்டுவருகிறவரிடம் தராசு கேட்பதில் வெட்கம் எதற்கு?

வெட்கம் என்றதும் ரேஷன் ஞாபகம் வருகிறது. கார்டை பீரோவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, இங்கே மனுஷனை வேர்க்க வைக்கிறாய். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அரசு கொடுக்கிறது. வெளியில் துவரம்பருப்பு விற்கிற விலை உனக்கே தெரியும். ரேஷன் பருப்பு வேகக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். நம் வீட்டு சாம்பாரில் எது ரேஷன் பருப்பு, எது கடைப் பருப்பு என்று நீ ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை.

பூக்காரியிடம் வாங்குகிற ஒரு முழம் மல்லிகையை நிறுத்தச் சொன்னாய் என்றும் கேள்விப்பட்டேன். அதில் கை வைக்காதே. உன் பெண்டாட்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் அம்மாதான்.

கடைசி மூன்று பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா