படுவான்கரையில் சூரியன் இறங்குமுன்

அன்பான பெற்றோருக்கு,

போன வியாழக்கிழமை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தேன். தரம் 5 பிள்ளை ஒருவனின் கொப்பியில் இன்னொருவனின் தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்துவிட்டது. கொப்பிக்காரனுக்குக் கோபம் தலைக்கேறியது. "உன்னைப் பெத்ததுக்கு ஒரு தென்னம்பிள்ளைய நட்டிருக்கலாம்!" என்று கத்தினான். பத்து வயதுப் பிள்ளை, பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏச்சு வாங்கியவன் சிரிக்கவில்லை. போத்தல் மூடியைத் திருகித் திருகிப் பூட்டிக்கொண்டே நின்றான். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

அந்த வார்த்தை அவனுடையதல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோ ஒரு பெரியவர் அலுப்பில் சொன்னதை, பொருள்கூட விளங்காமல், ராகம் மாறாமல் பாடமாக்கி வைத்திருக்கிறான். யார் சொன்னது என்று நான் அவனிடம் கேட்கவில்லை.

வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. கச்சான் காற்றடிக்கிற நாளில் வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு வருகிறீர்கள். சீட்டுக்காசு, கடன், புலமைப்பரிசில் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற ஓட்டம். அந்த அலுப்பெல்லாம் கோபமாகி, கண்ணுக்கு முன்னால் நிற்கிற சின்ன ஆளின்மேல் இறங்குகிறது.

கோபமே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. மாற்கு 3ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில், ஜெப ஆலயத்தில் இருந்தவர்களை இயேசு கோபத்துடனேதான் பார்க்கிறார். அப்புறம் என்ன செய்தார்? சூம்பின கையோடு நின்ற மனிதனிடம் கையை நீட்டச் சொல்லிச் சுகமாக்கினார். அவர் கோபப்பட்ட இடத்தில் ஒருவனுடைய கை நிமிர்ந்தது. நாம் கோபப்படும் இடத்தில் ஒரு பிள்ளையின் தலை குனிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது.

எபேசியருக்கு எழுதும்போது பவுல், "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்கிறார் (4:26). மட்டக்களப்பாருக்கு இதைவிட லேசாக விளங்குகிற வசனம் உண்டா? நமக்குச் சூரியன் கடலில் எழும்பி வாவிக்கு அப்பால் படுகிறது. எழுவான்கரை, படுவான்கரை என்று ஊருக்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறோம். பின்னேரம் கல்லடிப் பாலத்தால் வருகிறவருக்குப் பொழுது எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே தெரியும். காலையில் பிள்ளையை ஏசி அனுப்பியிருந்தால், அந்த மிச்சத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "காலையில அம்மா கத்திட்டன் மகன், அது பிழை." அது போதும்.

மன்னிப்புக் கேட்டால் பிள்ளை நம்மை மதிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. போன தவணையில், பிந்தி வந்த ஒரு பிள்ளையைக் காலைக்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். தம்பியைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு ஓடிவந்தவள் என்று வகுப்பாசிரியர் பிறகுதான் சொன்னார். தனியே கூப்பிட்டுப் பேசலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஏசியது எல்லார் முன்னாலும் அல்லவா? மறுநாள் அதே இடத்தில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, பிந்தி வருகிற பிள்ளைகள் மதிலோரம் ஒளிந்து நிற்பதில்லை. நேரே வந்து காரணம் சொல்கிறார்கள்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2016இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. பிரம்பைக் கீழே வைத்தோம், நாக்கை இன்னும் அடக்கவில்லை. ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: பிழையைச் சொல்வோம், பிள்ளையைப் பழிக்கமாட்டோம். "இந்தக் கணக்கில் ரெண்டாவது வரி பிழை" என்பதோடு நிறுத்துவோம், "நீ உருப்படமாட்டாய்" வரை போகமாட்டோம். வீட்டிலும் செய்து பாருங்கள். சைவப் பெற்றோரிடமும் இதையேதான் கேட்கிறேன். இனிய சொல் இருக்கக் கடுஞ்சொல் பேசுவது, கனி இருக்கக் காயைப் பறிப்பது போல என்று வள்ளுவர் சொன்னதை நீங்கள் அறிவீர்கள்.

எங்கள் ஆசிரியர் யாராவது, நான் உட்பட, உங்கள் பிள்ளையின் மனம் நோகப் பேசியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். காலை 7 மணிக்கு நான் அலுவலகத்தில் இருப்பேன். வந்து சொல்லுங்கள், அன்றைக்கே பேசித் தீர்ப்போம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
அதிபர்