ரத்த வாந்தி நோயாளிகளைக் காப்பாற்றத் துணை நின்றவர்களுக்கு

வணக்கம்.

எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்து ரத்தக்கசிவை நிறுத்துவது எங்கள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் நோயாளிகள் நடந்து வீடு திரும்புகிறார்கள்.

அவசரப் பிரிவுச் செவிலியர்களே, முதல் நன்றி உங்களுக்கு. ரத்த வாந்தி பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், காரணம்தான் வேறு. ஓங்கரித்து ஓங்கரித்து உணவுக்குழாயின் அடியில் விழுந்த கீறல் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வயிற்றுப் புண் கசிந்தால் நூற்றில் 5 முதல் 10 பேர் வரை இறக்கிறார்கள். கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் வெடித்தால் ஆறு வாரத்துக்குள் 15 முதல் 20 பேர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாக வருபவரைக் கண்டதுமே டாக்டரிடம் சொல்லி, இ.சி.ஜி. எடுத்து, நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் 2 மி.கி., கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் போட்டுவிடுகிறீர்கள். அந்த ஆன்டிபயாட்டிக் அவசரத்தில் எளிதில் மறந்துபோகிற மருந்து. இந்த நோயாளிகளில் பலரைக் கொண்டுபோவது கிருமித்தொற்றுதான். எண்டோஸ்கோபிக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே எரித்ரோமைசின் 250 மி.கி. ஏற்றி வைப்பதால் உறைந்த ரத்தம் இரைப்பையிலிருந்து இறங்கிவிடுகிறது. கசியும் இடம் எங்களுக்குத் தெரிகிறது.

ரத்த வங்கி நண்பர்களே, "ஏன் இன்னும் ரத்தம் ஏத்தல?" என்று உறவினர்கள் கோபப்படும்போது நிதானமாக விளக்குவது நீங்கள்தான். ரத்தம் கொட்டும்போது காத்திருக்க முடியாது. அப்போது பைகள் ஓடி வருகின்றன. மற்ற நேரத்தில் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுகிறோம், அதுவும் ஒவ்வொரு பையாக. இதய நோயாளிக்கு மட்டும் சற்று முன்பே. அளவு மீறினால் கல்லீரலுக்குப் போகும் நாளத்தில் அழுத்தம் கூடி, அடைபட்ட இடம் மறுபடி பீறிடும். பார்சிலோனாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்விலும் குறைவாக ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். முகம் தெரியாத கொடையாளர்களே, உங்கள் ஒவ்வொரு பையும் எண்ணித்தான் செலவாகிறது.

வார்டுச் செவிலியர்களே, புண் மறுபடி கசிவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மணிக்கு 8 மி.கி. நிற்காமல் ஓடுகிறதா, மலம் தார் போலப் போகிறதா, நாடித் துடிப்பு 100ஐத் தாண்டுகிறதா என்று இரவெல்லாம் பார்க்கிறீர்கள். ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே எங்களை அழைத்துவிடுகிறீர்கள்.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கக்கூடிய வலி மாத்திரையின் அட்டையை மறக்காமல் எடுத்துவந்து காட்டிய குடும்பத்தாருக்கும், கசிவை நிறுத்த ரப்பர் வளையம் போட்ட உணவுக்குழாய் நாளங்கள் முழுக்க அடங்கும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, கூலி வேலையை விட்டுவிட்டு நோயாளியை அழைத்து வருகிறவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
எண்டோஸ்கோபி பிரிவினர்