மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

நண்பர்களே, வணக்கம். குளிர் தொடங்கிவிட்டது. தயவுசெய்து எஞ்சின் சூடேறும் முன் வண்டியை அணைக்காதீர்கள். போன வாரம் தம்பியின் காருக்கு வழிவிட, என்னுடையதை இரண்டே நிமிடம் எடுத்து நகர்த்தி நிறுத்தினேன். மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்பக்கம் குப்பென்று பெட்ரோல் வாடை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பாயும் பெட்ரோல், உடனே அணைத்தால் எரியாமல் தேங்கிவிடும். அது எரி அறைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டால், ரோட்டரின் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணப் பாகம்) முனைச் சீல்களால் அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியாது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பெட்ரோல் பாய்வது நிற்கும். எனக்கு நான்காவது முயற்சியில் வெண்புகையோடு உயிர் வந்தது. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் மூச்சு வந்தது எனக்கும்!

எஞ்சின் எண்ணெய் குறைகிறதே என்று சிலர் பதறியிருந்தீர்கள். அது பழுதல்ல. அந்தச் சீல்களுக்காகவே ஒரு சிறு பம்ப் எண்ணெயை அறைக்குள் செலுத்துகிறது. அது எரிந்துதான் போகும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது எண்ணெய் அளவைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றும்போது மேலே உள்ள இரண்டும் கீழே உள்ள இரண்டும் வெவ்வேறு வகை என்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்க நினைக்கும் இருவருக்கும்: 2012-இல் உற்பத்தி நின்ற வண்டி இது, பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம். ரோட்டரி எஞ்சினுக்கான கருவியில் கம்ப்ரஷன் சோதனை (எரி அறை அழுத்தத்தை அளப்பது) செய்தே தீர வேண்டும். சாதாரண மானி ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டாது. நாளைக் குறித்துச் சொல்லுங்கள், நானும் உடன் வருகிறேன்.