இழைக்கக் கை இருக்கிறது, ஓலைதான் இல்லை

ஆசிரியருக்கு,

போன கிழமை புட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டி ஒன்று வாங்கச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைத்தது அலுமினியம்தான். சரி என்று வாங்கி வந்து புட்டு அவித்தால், ஆவி தண்ணியாய்க் கோத்து அடிப்புட்டு களியாகிவிட்டது. ஓலைப்பெட்டி மிஞ்சிய ஆவியை இழையிடுக்கால் வெளியே விட்டுவிடும். புட்டும் உதிரியாக விழும்.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொன்னேன். கடகம், சுளகு, மூடுபெட்டி என்று ஊருக்கே இழைத்துக் கொடுத்தவ. "ஓலை கிடைச்சால் இப்பவும் இழைச்சுத் தருவன் பிள்ளை. ஆர் ஏறி வெட்டுறது?" என்றா. ஓலை வாருகிற அவவின் சின்னக் கத்தி, சத்தகம், குசினித் தாழ்வாரத்தில் துருவேறிக் கிடக்கிறது.

பிளாஸ்டிக் வந்து பனையோலை வேலையை அழித்தது என்று எல்லோரும் எழுதுகிறோம். அது பாதிக் கதை. பெட்டிக்கு முற்றிய ஓலை ஆகாது, மடித்தால் வெடிக்கும். விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். அந்தச் சார்வோலைதான் இன்று கிடையாது. முன்பு வேலி அடைக்க ஓலை வெட்ட வருபவரிடமே நாலு குருத்தும் கேட்டு வாங்கினோம். வேலிகள் மதிலாகிவிட்டன, அவரும் வருவதில்லை. யுத்த காலத்தில் பங்கருக்கென்று தறித்த பனைகள் வேறு.

மரமேறும் தொழிலை இழிவாகப் பார்த்த ஊர் இது. மரமேறுபவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள்தான் கூலியையும் மரியாதையையும் கொடுக்கவில்லை.

அரசின் பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே தொடங்கியது. இழைக்கும் பயிற்சிக்கு இங்கே குறைவில்லை. என் மருமகளும் ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தாள். அப்புறம் ஓலை தேடி அலுத்து, சான்றிதழைப் பெட்டகத்தில் வைத்துவிட்டாள்.

கள்ளுச் சேகரிக்கும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இயங்குகின்றன. கள்ளுக்குச் சீவாத மரங்களில் சார்வு வெட்ட அவர்கள் நல்ல கூலிக்கு ஆள் வைத்து, காயவைத்துக் கட்டுக் கட்டாக விற்றால் என்ன? விலை கூடினாலும் பரவாயில்லை. முதல் கட்டை ஆச்சிக்கென்று எடுத்து வையுங்கள், காசை நான் இப்பவே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
தென்மராட்சி வாசகி