மறுநியமனம் என்ற கத்தி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாடுகளுக்கு இடையிலான வர்த்தக வழக்குகளில் மேல்முறையீட்டை விசாரிக்கும், உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு முடங்கியது பற்றிப் பேசுகிறவர்கள் 2019 டிசம்பரில் தொடங்குகிறார்கள். அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்ததால் ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அன்று ஒருவரே மிஞ்சினார். ஒரு வழக்கை விசாரிக்கவே மூன்று பேர் வேண்டும். ஆனால் கேடு 2016 மே மாதமே நேர்ந்துவிட்டது.

அந்த அமைப்பின் உறுப்பினரான, தென் கொரியாவைச் சேர்ந்த சியுங் வா சாங்குக்கு இரண்டாவது நான்காண்டுப் பதவிக்காலம் தர அமெரிக்கா அப்போது சம்மதிக்கவில்லை. காரணத்தை மறைக்கவும் இல்லை. அவர் பங்கேற்ற வழக்குகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தீர்ப்புகள் வரம்பு மீறிவிட்டன என்றது. மூவர் சேர்ந்து தந்த தீர்ப்புக்கு ஒருவரின் பதவி போனது! மறுநியமனத்தைக் குறிப்பிட்ட தீர்ப்புகளோடு முடிச்சுப் போடாதீர்கள், நடுநிலைமீது நம்பிக்கை போய்விடும் என்று சக உறுப்பினர்கள் கடிதமே எழுதினார்கள். பலனில்லை. 2011-லேயே தன் நாட்டவரான ஜெனிபர் ஹில்மனின் மறுநியமனத்தையும் அமெரிக்கா ஆதரிக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் எந்த அரசையும் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது விதி. அவர்களுடைய பதவி நீட்டிப்போ எல்லா அரசுகளின் ஒருமித்த சம்மதத்தில் தொங்குகிறது. ஒரே ஒரு நாடு மறுத்தால் போதும். இந்த நிலையில் எந்த நீதிபதிதான் வல்லரசுக்கு எதிராகத் தயங்காமல் எழுதுவார்? மறுநியமனமே இல்லாத, ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரையிலான ஒரே பதவிக்காலம்தான் சரியான வழி. மேல்முறையீட்டை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவை அமைப்பு அடிக்கடி மீறியது என்ற அமெரிக்கக் குறையில் நியாயம் உண்டு. சரி, அதற்கு விதியைத் திருத்தலாமே, அமைப்பையே ஏன் முடக்க வேண்டும்?

நம் நாடும் யோசிக்க வேண்டும். சர்க்கரை மானிய வழக்கில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா ஆகியவை 2021 டிசம்பரில் முதல்நிலை விசாரணைக் குழுவிடம் நமக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கின. சில வாரங்களுக்குள்ளேயே, விசாரிக்க ஆளே இல்லாத இடத்தில் இந்தியா அப்பீல் செய்தது. தீர்ப்பு அப்படியே கிடப்பில் போனது. இந்தோனேசியா நிக்கல் வழக்கிலும் அமெரிக்கா எஃகு வரி வழக்கிலும் இதையேதான் செய்தன. கரும்பு விவசாயிக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த வாதத்தை நீதிபதிகள் முன் வைத்து வெல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் பிரேசிலும் 2020-ல் மேல்முறையீட்டுக்கு இடைக்கால நடுவர் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. சேர்வதா வேண்டாமா என்பதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு