ஒசாகாவில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதுப் பாட்டைக் கேட்டேன். கிட்டார் அருமையாக விழுந்திருக்கிறது. நீ இவ்வளவு தூரம் வருவாய் என்று உன் பெரியப்பா நம்பவில்லை, நான் நம்பினேன். இரண்டாவது சரணத்தில் மட்டும் உன் குரல் தனியாகக் கேட்கிறது. மிக்ஸிங்கில் உன்னோடு ஜோடியாகப் பாடும் தோழியின் குரலைக் குறைத்தார்களா, அன்றைக்கு அவள் வரவில்லையா, தெரியவில்லை. அது இருக்கட்டும்.

அமெரிக்காவில் வெளியிட ஒரு கம்பெனி கேட்கிறது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். இவ்வளவு பெரிய சங்கதிக்கு ஒரு வரிதானா? சரி, உங்களைப் போலவே இரண்டு பெண்கள் பாடும் ஜப்பானியக் குழு பஃபி, அதன் பாதையை ஒரு தடவை முழுதாகப் பார். அமி ஓனுகியை முதலில் தனியாகத்தான் பாடச் சொன்னார்கள். தயங்கி, யூமி யோஷிமுராவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அமிதான். 1996 மே மாதம் முதல் பாட்டு வந்தது. ஒகுடா தாமியோ இசை, இனோவே யோசுய் வரிகள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இருவரும் பல இடங்களில் ஒரே சுருதியில் சேர்ந்தே பாடுவார்கள். அந்தச் சத்தம் ஒருத்தி தனியாகப் பாடி வராது.

அமெரிக்கா போனதும் பெயரில் சிக்கல். அங்கே ராப் பாடகர் ஷான் கோம்ஸ் 'பஃப் டாடி' என்று பெயர் வாங்கியிருந்ததால் 'பஃபி அமியூமி' என்று மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் ஸ்டிக்கர், டி-ஷர்ட் எதையும் அச்சடிக்கும் முன்னே உங்கள் பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். டிரேட்மார்க்கில் ஒலிப்பதிவுக்கு 9ஆம் வகுப்பு, மேடைக்கு 41, துணிக்கு 25. மூன்றிலும் தேடவேண்டும்.

2001இல் பார் நன் என்ற சின்ன கம்பெனிதான் அவர்களுடைய 'ஸ்பைக்' ஆல்பத்தை அங்கே வெளியிட்டது. 2003இல் 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாட்டு, 2004 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அவர்கள் பெயரிலேயே ஒரு தொடர். அதில் கார்ட்டூன் அமி, யூமிக்குக் குரல் கொடுத்தவர்கள் வேறு நடிகைகள். நிஜ இருவரும் நடுநடுவே சின்னத் துண்டுகளில் வந்தார்கள். 2006இல் தொடர் முடிந்தது. அதற்குப் பிறகும் ஜப்பானில் அவர்களுக்கு மேடை இருந்தது. 2021இல்கூட இருவரும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

பஃபிக்கு முன்பே அமெரிக்கா போன ஜப்பானியப் பெண் ஜோடி பிங்க் லேடிக்கு அது வாய்க்கவில்லை. 1979இல் அமெரிக்கப் பட்டியலில் 37ஆம் இடம் வரை போனார்கள். 1980இல் அங்கே என்பிசி டிவியில் நிகழ்ச்சி. ஆங்கில வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார்கள். ஐந்து வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். 1981 மார்ச்சில் ஜோடியே பிரிந்தது. ஊர் மேடையை விட்டுவிட்டுப் போகாதே.

பங்கை எழுதி வைத்தீர்களா? பாட்டு எழுதியதற்கு ஒரு பங்கு, ஒலிப்பதிவுக்கு ஒரு பங்கு, இரண்டும் வேறு. பதிவு முடிந்த அன்றே, ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். பாட்டு ஓடின பிறகு எழுத உட்கார்ந்தால் மனஸ்தாபம்தான். ஏற்கெனவே மனஸ்தாபம் இருந்தால், அதற்காகவாவது உட்கார்ந்து பேசுங்கள்.

விசா விஷயமும் உண்டு. அமெரிக்காவில் கச்சேரி செய்யக் குழுவுக்கான P-1 விசாவுக்குக் குழு வெளிநாடுகளிலும் பெயர் பெற்றிருக்கவேண்டும். உறுப்பினர்களில் முக்கால் பங்குப் பேராவது ஒரு வருஷத்துக்குக் குறையாமல் குழுவில் இருந்திருக்கவேண்டும். இரண்டு பேர் குழுவில் முக்கால் பங்கு என்றால் இருவருமேதான். பழைய நிகழ்ச்சி நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வை. போன வருஷக் கச்சேரிப் படங்களில் அவளும் இருக்கிறாளே, அவற்றை அழித்துவிடாதே.

சாப்பாட்டை விட்டுவிடாதே. ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து படிக்காமல் கையெழுத்துப் போடாதே. பெயரைத் தேடு.

உன் கிட்டாரின் வால்வு ஆம்ப் (ஒலிபெருக்கி) 100 வோல்ட். அமெரிக்காவில் சுவரில் 120. நேரே செருகினால் வால்வு சூடேறி ஆயுசு குறையும், டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கு. ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து, அவளுடைய ஆம்பின் வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு அதிகமாக உள்ளதாக வாங்கு. அவள் ஆம்ப் எத்தனை வாட் என்று கேட்டு எனக்கு எழுது.

அப்பா