டோர் பேடை வெட்டாமலே ஸ்பீக்கர் வைக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய காரில் நல்ல ஒலி வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஜிக்சா என்ற சிறு மின்ரம்பமாக இருக்கிறது. கதவின் உட்பக்க உறையான அசல் டோர் பேடில் வட்டமாக வெட்டி, ஆறரை அங்குல ஸ்பீக்கரை நான்கு ஸ்க்ரூவில் மாட்டிவிடுகிறார்கள். பழைய வண்டிகளின் டோர் பேடு பெரும்பாலும் அழுத்திய நார் அட்டையில் பஞ்சும் ரெக்சினும் ஒட்டியது. அந்த அட்டை ஸ்பீக்கரின் எடையைத் தாங்காது, ஈரம் பட்டால் உப்பிவிடும். வெட்டியபின் அதே மாடலுக்கு இன்னொன்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அசல் பேடைத் தொடாமல், ஃபைபர் கிளாஸில் தனி பேனல் செய்து கதவின் தகரத்தில் போல்ட் போட்டுப் பொருத்துவதே சரி. வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இந்த பேனல் அழகுக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் முதல் வேலை அசையாமல் நிற்பதும் காற்றை அடைப்பதும்தான். ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் இழுக்கிறது. பேனலுக்கும் தகரத்துக்கும் இடையே சந்து இருந்தால் இரண்டு அலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் காணாமல் போவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி. விலையுயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் ஒலி தகர டப்பா போல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சந்துதான் காரணம்.

அளவெடுப்பதை இரண்டு முறை செய்யுங்கள். பேடைக் கழற்றி, கண்ணாடியை முழுதாக இறக்கி, உள் தகரத்திலிருந்து கண்ணாடி வரை எத்தனை மி.மீ. இருக்கிறது என்று பாருங்கள். ஆறரை அங்குல ஸ்பீக்கருக்குப் பொதுவாக 60 முதல் 70 மி.மீ. ஆழம் தேவைப்படும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே 6 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும். போதாவிட்டால் ஸ்பீக்கரைத் தாங்கும் மரவளையத்தை வெளிப்பக்கம் உயர்த்தலாம். அப்போது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி முழுச் சுற்று சுற்றுகிறதா, முழங்கால் இடிக்கிறதா, கதவை மூடினால் டாஷ்போர்டு விளிம்பு தட்டுகிறதா என்று ஓர் அட்டை மாதிரி வைத்துப் பாருங்கள். இருக்கையில் உட்காருபவரின் இடுப்புக்கோ விலாவுக்கோ நேராகக் கெட்டியான மேடு வரவே கூடாது. பக்கவாட்டு மோதலில் அது உடலில் இடிக்கும். கதவின் கீழ் முன்மூலைதான் இடம்.

அடுத்து பொருள்கள். பாலியெஸ்டர் ரெசின் என்ற திரவப் பிசின், அதை இறுகச் செய்யும் ஹார்டனர், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு ஸ்ட்ராண்டு மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு), நீட்சியுள்ள ஃப்ளீஸ் துணி, வளையத்துக்கு 12 அல்லது 18 மி.மீ. பலகை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வெட்டச் சுலபம், ஆனால் ஈரத்தில் ஊதும். கதவுக்குள் தண்ணீர் வருவது இயல்பு, அதனால் நீர் தாங்கும் பிளைவுட்டே மேலானது. எதைப் போட்டாலும் வெட்டிய விளிம்பு உட்பட ரெசின் பூசி மூடுங்கள். ஒரு கதவுக்கு 50க்கு 40 செ.மீ. அளவு பேனல் என்றால், பேடின் மேல் உருவாக்கும் அடித்தளத்துக்கு இரண்டு அடுக்கும், துணியை இழுத்து உருவாக்கும் முன்முகத்துக்கு மூன்று அடுக்குமாக ஏறக்குறைய அரைக் கிலோ மேட் ஆகும். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். துணி குடிப்பதையும் சேர்த்தால் ஒரு கதவுக்கு இரண்டு கிலோ வைத்துக்கொள்ளலாம். எபாக்சி என்ற வேறு வகை ரெசினைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த மேட்டை எடுக்க வேண்டாம். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வேண்டும். மேடு பள்ளம் நிரப்ப தெர்மோகோல் வைப்பதும் தவறு, அதே ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

அடித்தளம் அசல் பேடின் மேலேயே உருவாகும். அப்போதுதான் அதன் வளைவுகளில் சந்தில்லாமல் உட்காரும். பேடு முழுக்க மாஸ்கிங் டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மெழுகு. ஓர் ஊசித்துளை இருந்தாலும் ரெசின் இறங்கி ரெக்சினைக் கெடுத்துவிடும். இதில் அவசரம் வேண்டாம்.

ரெசின் கலப்பில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். 200 கிராம் ரெசினுக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 3 கிராம். கண்ணால் பார்த்து ஊற்றாமல் சிறிய தராசிலோ ஊசி கழற்றிய சிரிஞ்சிலோ அளந்துகொள்ளுங்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், ஸ்டைரீன் நெடி வண்டியை விட்டுப் போகாது. அளவு மீறினால் சூடேறி விரிசல் விடும். கடும் வெயில் நாளில் 1 சதவீதம் போதும், அப்போதும் கால் மணி நேரத்துக்குள் கூழாகிவிடும். எனவே ஒருமுறைக்கு 200, 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான டம்ளரில் விட்டுவைத்தால் சூடு வெளியேற வழியின்றிப் புகையத் தொடங்கும், அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ரெசினை விரைவாக இறுகவைக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வந்தால் அதை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கி, பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண் கவசம் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போக வேண்டும். துணி முகக்கவசம் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம்தான் தடுக்கும்.

மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் அடுத்த துண்டோடு இழைந்து சேரும், வெட்டிய ஓரம் படியாக நிற்கும். முதலில் ரெசின், அதன்மேல் மேட், மீண்டும் ரெசின். பிரஷ்ஷை இழுக்கக் கூடாது, குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும் மேட் நனைந்ததும் கண்ணாடி போல் தெளியும். வெள்ளைப் புள்ளி நின்ற இடமெல்லாம் காற்று. ரோலரால் உருட்டி வெளியேற்றுங்கள். ரப்பர் பதத்துக்கு வந்ததும் விளிம்பைக் கத்தியால் சீவிவிடலாம், கெட்டியானபின் அதே வேலைக்கு ரம்பம் வேண்டும். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 6 முதல் 8 சதவீதம் சுருங்கும். ஒரு நாள் பேடிலேயே விட்டுவையுங்கள். அவசரப்பட்டு உரித்தால் முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தப் போல்ட்டும் அதை நேராக்காது.

அடித்தளத்தில் வளையத்தை மரக்குச்சிகளால் நிறுத்தி, கேட்பவர் பக்கம் சற்றுச் சாய்க்கிறார்கள். இந்தச் சாய்வு எல்லா ஸ்வரத்துக்கும் உதவாது. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஏறக்குறைய 13 செ.மீ. அந்த அளவு அலைநீளம் கொண்ட 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலி குறுகிப் பாயும், அங்கேதான் சாய்வு காதுக்குத் தெரியும். உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக இருந்தால் அதைச் சாய்த்தால் போதும், பேனலைத் துருத்த வேண்டியதில்லை.

இனி துணி. எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி இழுத்து, அடித்தளத்தின் பின்புறம் மடித்து ஒட்டுங்கள். இழுத்த துணி குழிவை உருவாக்காது, இரண்டு மேடுகளுக்கிடையே நேராகவே நிற்கும். குழிவு வேண்டுமென்றால் அந்த இடத்தில் இன்னொரு குச்சியோ பட்டையோ வைத்துத் துணியைப் பிடிக்க வேண்டும். ரெசினைத் துணியின் பின்புறம் ஈரம் தெரியும்வரை ஊட்டுங்கள். மேற்புறம் மட்டும் இறுகி உள்ளே துணி உலர்ந்திருந்தால், பின்னால் போடும் மேட் அந்த உலர்ந்த அடுக்கோடு பிரிந்து வரும். சில மாதங்களில் பேனல் கடகடவென்று அதிர்வதற்கு இதுவே முதல் காரணம்.

ரெசின் ஊறிய துணி விறைப்பாக நிற்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நிறுத்துபவர்கள் ஏராளம். அது வெறும் வடிவம், தட்டினால் அப்பளமாக உடையும். வலு முழுதும் உட்புறம் போடும் மேட்டில் இருக்கிறது. உள்ளங்கை அளவுத் துண்டுகளாக, முதலில் வளையமும் துணியும் சேரும் மூலையில், பிறகு முழுதும் மூன்று அடுக்கு. மூன்றையும் ஒரே மூச்சில் போட்டால் சூட்டில் வளையும், இரண்டு போட்டு ஆறவிட்டு மூன்றாவதைப் போடுங்கள். கூரான மூலையில் மேட் படியாமல் எழும்பும். அங்கே பொடியாக நறுக்கிய இழையை ரெசினில் குழைத்து, மூலையை உருட்டி நிரப்பிவிட்டு மேலே போடலாம்.

பட்டி பூசி 80, 120, 220 எமரியில் தேய்ப்பது டிங்கரிங் வேலை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. இரண்டே எச்சரிக்கை. பட்டியால் பள்ளத்தை நிரப்பாதீர்கள், 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் அடியில் மேட் போதவில்லை. ரெக்சின் ஒட்டும் முன் பேனலை இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். முழுதாக இறுகாத ரெசினின் ஆவி ரெக்சினைக் கொப்புளமாகத் தூக்கும். பூட்டிய கார் வெயிலில் நின்றால் சாதாரணப் பசை இளகிவிடும், வெப்பம் தாங்கும் பசையாகப் பாருங்கள்.

பொருத்தும்போது ஸ்பீக்கர் ஸ்க்ரூ ஃபைபரில் இறங்கக் கூடாது, மரவளையத்தில் இறங்க வேண்டும். பேனலை அசல் பேடின் கிளிப்பில் தொங்கவிடாமல் எம்5 போல்ட்டும் அகலமான வாஷருமாக உள் தகரத்தில் இறுக்குங்கள். போல்ட்டை அசல் பேடில் ஏற்கெனவே உள்ள கைப்பிடித் துளை வழியாகச் செலுத்த முடியாவிட்டால், 3 மி.மீ. பிளைவுட்டில் பேடின் நகல் ஒன்றை வெட்டி அதையே வண்டியில் மாட்டிவிடலாம். வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே, நீர் குடிக்காத மூடிய துளை ஃபோமை 10 மி.மீ. தடிப்பில் வைத்து நெருக்கினால் முன்னே சொன்ன சந்து அடைபடும். உள் தகரத்தின் பெரிய ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்து மூடுங்கள். ஆனால் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் பசையோ மேட்டோ விழக் கூடாது. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அதன் வழியேதான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு கீழிருந்து துருப்பிடிக்கும். ஸ்பீக்கரின் காந்தத்துக்கு மேலே ஒரு சிறு பிளாஸ்டிக் கூரை போதும், நீர் கூம்பில் படாது.

நகலை மாட்டியதால் கழற்றிய அசல் பேடைச் சுவரில் சாய்த்து வைத்தால் அட்டை வளைந்துவிடும். கிளிப்புகளையும் ஸ்க்ரூக்களையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டி, ஈரமில்லாத இடத்தில் தட்டையாகப் படுக்கவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களின் உள்வேலை அறிந்த ஒரு வாசகர்